மெயில் வருகிறது, போகவில்லை என்றால் பாஸ்வேர்டில் கை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினியில் மின்னஞ்சல் வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை என்று அவதிப்படுவோருக்கு ஏறாவூர் வாசகர் ஒருவர் சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் மூன்று யோசனை சொல்லியிருந்தார். பாஸ்வேர்டை மாற்றுங்கள், சரிவராவிட்டால் கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், போனுக்கு இலக்கம் வரும் அந்த இரண்டாம் படிச் சோதனை தொல்லையென்றால் அதை நிறுத்திவிடுங்கள். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் மூன்றும் பிழை. அந்தக் கடிதத்தைப் பத்திரிகையிலிருந்து கிழித்து எடுத்துக்கொண்டு ஆட்கள் என் கடைக்கு வரத் தொடங்கிவிட்டதால் பதில் எழுதவேண்டியதாயிற்று.

நான் களுவாஞ்சிகுடியில் கொமினிகேஷன் வைத்திருப்பவள். ஐடிடி கோலும் பெக்ஸும் ஓடிய காலத்தில் தொடங்கிய கடை. இப்போது போட்டோக் கொப்பியும் ஒன்லைன் விண்ணப்பமும்தான் சோறு போடுகின்றன. மெயில் திருத்துவது நான் தேடிப்போன வேலை இல்லை, அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. "அக்கா, மெயில் வருகுது, போகுதில்ல" என்று லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஓய்வுபெற்ற அதிபர்மார், சட்டத்தரணியின் கிளாக், மீனவர் சங்கச் செயலாளர், அரிசி ஆலைக் கணக்கப்பிள்ளை என்று எல்லாரும்தான்.

பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மெயில் புரோகிராம் வைத்திருப்பவர்களுக்குத்தான். இந்தக் காலத்தில் அது எதற்கு என்று பொடியன்மார் கேட்கிறார்கள். லைன் இல்லாத நேரத்தில் எழுதி வைத்துவிட்டு லைன் வந்ததும் அனுப்பலாம், ஆலைக்கு ஒன்று சங்கத்துக்கு ஒன்று என்று மூன்று நான்கு முகவரிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம், பழைய கடிதமெல்லாம் சொந்தக் கணினியிலேயே இருக்கும். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. மாரி மழையில் லைன் அறுந்து போகிற படுவான்கரைப் பக்கம் வந்து பார்க்கட்டும்.

பிரச்சினையின் வேர் இதுதான்: மெயிலை வாங்குவது ஒரு சேர்வர், அனுப்புவது வேறொரு சேர்வர். வாங்குவதற்கு ஐமேப் அல்லது பொப். அனுப்புவதற்கு எஸ்எம்டிபி. இரண்டும் தனித்தனியாக உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும், புரோகிராமும் இரண்டையும் தனித்தனியாகத்தான் நினைவில் வைத்திருக்கும். தண்டர்பேர்டில் 'சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள், ஒரே முகவரிக்கு ஐமேப் என்று ஒரு வரியும் எஸ்எம்டிபி என்று இன்னொரு வரியும் இருக்கும். ஆகவே மெயில் வருகிறது என்பதை வைத்து, அனுப்புகிற பக்கமும் சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. அந்தப் பக்கத்தில் மட்டும் பழைய பாஸ்வேர்ட் தங்கியிருந்தால் அந்த ஒரு வரியை அழித்தாலே போதும். அடுத்த தடவை அனுப்பும்போது அது கேட்கும், அப்போது புதியதை அடிக்கலாம்.

இந்த இரண்டு பக்கமும் ஏன் இப்படி வேறுவேறாக வளர்ந்தன என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. எஸ்எம்டிபி விதிமுறையை ஜோன் போஸ்டல் என்பவர் 1982 ஓகஸ்ட் மாதம் எழுதியபோது அதில் பாஸ்வேர்ட் என்ற பேச்சே இல்லை. சந்தியில் நிற்கும் சிவப்புத் தபால்பெட்டி மாதிரி, யாரும் யாருடைய பெயரையும் அனுப்புநராக எழுதிப் போட்டுவிட்டுப் போகலாம். பல்கலைக்கழகத்துக்காரர் தங்களுக்குள் எழுதிக்கொண்ட காலத்துக்கு அது போதும். தொண்ணூறுகளில் விளம்பரக் குப்பை அனுப்புகிறவர்கள் அடுத்தவன் சேர்வரில் ஏறிச் சவாரி செய்யத் தொடங்கிய பிறகுதான் பூட்டுப் போட்டார்கள். மெயில் புரோகிராம்கள் கடிதத்தை ஒப்படைப்பதற்கென்று 587ஆம் போர்ட், அதாவது சேர்வரின் 587ஆம் இலக்க வாசல், 1998இல் ஒதுக்கப்பட்டது. அனுப்புகிறவர் தன்னை நிரூபிக்கும் முறை 1999இல் வந்தது. அதற்கு முன்னிருந்த 25ஆம் போர்ட் சேர்வரும் சேர்வரும் தங்களுக்குள் பேசுவதற்கு மட்டும் என்றாகி, வீட்டு இணைப்புகளில் அதைப் பல நாடுகளில் அடைத்தே விட்டார்கள். பழைய கணினியில் இன்னும் 25 என்று கிடந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஜிமெயிலுக்கு 465 அல்லது 587. 465 என்றால் பாதுகாப்பு வரியில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்றும், 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ் என்றும் இருக்கவேண்டும். இரண்டையும் மாற்றிக் கலந்தால் வேலை செய்யாது.

இனி ஏறாவூர் வாசகரின் முதல் யோசனைக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் அதிகம் கெடுக்கிறது.

கூகுள் நிறுவனம் 2022 மே 30 முதல், தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளின் வழக்கமான பாஸ்வேர்டை மெயில் புரோகிராமில் நேரே அடித்து உள்ளே போவதை நிறுத்திவிட்டது. பாஸ்வேர்ட் சரியாகவே இருந்தாலும் ஏற்காது. யாஹூ 2020 ஒக்டோபரிலேயே இப்படிச் செய்தது. ஹொட்மெயில், அவுட்லுக் முகவரிகளுக்கு மைக்ரோசொப்ட் 2024 செப்டெம்பர் 16இல் செய்தது. ஜிமெயிலுக்கு இனி இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, ஓஓத்2 என்ற முறை. புரோகிராமுக்குள் கூகுளின் சொந்த ஜன்னல் திறக்கும், அங்கே நீங்கள் உள்நுழைந்து அனுமதி கொடுப்பீர்கள், பாஸ்வேர்ட் புரோகிராமிடம் போகவே போகாது. மற்றது ஆப் பாஸ்வேர்ட். அந்தப் புரோகிராமுக்கென்றே கூகுள் ஆக்கித் தரும் 16 எழுத்து. நான்கு நான்காக இடைவெளி விட்டுக் காட்டும், ஒரே ஒரு தடவைதான் காட்டும். இரண்டாம் படிச் சோதனை போட்டிருந்தால்தான் அதை எடுக்கவே முடியும்.

இப்போது கவனியுங்கள். கணக்கின் முக்கிய பாஸ்வேர்டை மாற்றினால், அதுவரை எடுத்து வைத்த ஆப் பாஸ்வேர்ட் அத்தனையையும் கூகுள் இரத்துச் செய்துவிடும். பெரியகல்லாற்றிலிருந்து வந்த ஒரு ஐயா, உங்கள் பத்திரிகைக்கும் கட்டுரை எழுதுகிறவர், அந்தக் கடிதத்தை நம்பி பாஸ்வேர்டை மாற்றியிருந்தார். முதலில் அனுப்புவது மட்டும்தான் நின்றிருந்தது. மாற்றிய பிறகு லப்டொப்பில் வாங்குவதும் நின்றது. அவருடைய சங்கக் கந்தோரில் ஸ்கேன் செய்ததை நேரே மெயில் பண்ணும் போட்டோக் கொப்பி மெஷினும் அதே கணக்கின் ஆப் பாஸ்வேர்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. "மகள், நான் ஒண்டைத் திருத்தப் போய் எல்லாம் போயிற்றே" என்றார். அவரில் என்ன பிழை இருக்கிறது? அச்சில் வந்ததை நம்பினார்.

அவருடைய கணினியில் உண்மையில் என்ன நடந்திருந்தது என்றால், யாரோ ஒரு தம்பி முன்பே வந்து வாங்கும் பக்கத்தை மட்டும் ஓஓத்2க்கு மாற்றிவிட்டு, அனுப்பும் பக்கத்தைப் பார்க்காமல் போயிருக்கிறார். தண்டர்பேர்டில் இது மிகவும் லேசாகத் தவறும். கணக்கின் அமைப்புகளுக்குள் வாங்கும் சேர்வர் கண்ணுக்கு நேரே இருக்கும். அனுப்பும் சேர்வர் இடப்பக்கப் பட்டியலின் ஆக அடியில், எல்லாக் கணக்குக்கும் பொதுவாகத் தனியே கிடக்கும். அங்கே போய், எஸ்எம்டிபி வரியைத் திறந்து, 'ஓதென்டிகேஷன் மெதட்' என்பதை ஓஓத்2 ஆக்கினால், அனுப்பும்போது கூகுள் ஜன்னல் திறக்கும். குக்கீகளை, அதாவது இணையப் பக்கங்கள் கணினியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளை, தடுத்து வைத்திருந்தால் அந்த ஜன்னல் வேலை செய்யாது, அதையும் பாருங்கள். அதே பட்டியலில் 'என்கிரிப்டெட் பாஸ்வேர்ட்' என்றும் ஒரு தெரிவு உண்டு. பெயரைப் பார்த்தால் பாதுகாப்பானது போலத் தெரியும், அதனால் நம்மவர்கள் ஆசையோடு அதைத் தெரிவு செய்கிறார்கள். பல சேர்வர்களுக்கு அந்தப் பாஷை தெரியாது. எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் போட்டிருந்தால் முழு வழியும் ஏற்கெனவே மறைக்கப்பட்டதுதான், ஆகவே ஆப் பாஸ்வேர்ட் பாவிப்பவர்களுக்கு 'நோர்மல் பாஸ்வேர்ட்' என்பதே சரி. பல முகவரி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும்: ஒவ்வொரு கணக்கின் முதல் பக்கத்தின் அடியிலும் அது எந்த அனுப்பும் சேர்வரைப் பாவிக்கிறது என்று ஒரு வரி இருக்கும். சங்கத்தின் கடிதம் மகளின் ஜிமெயில் சேர்வரில் போய் முட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய அவுட்லுக்கில் கதை வேறு. 2007, 2010 பதிப்புகளுக்கு ஓஓத்2 தெரியாது, ஜிமெயில் என்றால் ஆப் பாஸ்வேர்ட்தான் வழி. ஹொட்மெயில் முகவரி என்றால் புதிய புரோகிராமுக்கு மாறுவதைத் தவிர நான் வேறு வழி சொல்லமாட்டேன். அவுட்லுக்கில் 'மோர் செட்டிங்ஸ்' உள்ளே 'அவுட்கோயிங் சேர்வர்' என்ற தட்டில், அனுப்பும் சேர்வரும் பெயர், பாஸ்வேர்ட் சோதனை கேட்கிறது என்று ஒரு சிறு பெட்டி உண்டு. அதில் சரி அடையாளம் போடாவிட்டால் புரோகிராம் தன் பெயரையே சொல்லாமல் கடிதத்தை நீட்டும், சேர்வர் தள்ளிவிடும்.

அதனால்தான் திரையில் வரும் ஆங்கிலப் பெட்டியை மூடவேண்டாம் என்று மன்றாடுகிறேன். நம்மட ஆட்களுக்கு ஒரு பெட்டி வந்தால் உடனே ஓகேயை அமத்தினால்தான் நிம்மதி. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதில் மூன்று எண் கொண்ட இலக்கம் ஒன்று இருக்கும், ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்த இலக்கம் போதும். 530 என்றால் நீங்கள் பெயர் சொல்லவே இல்லை, மேலே சொன்ன சிறு பெட்டியைப் பாருங்கள். 535 என்றால் சொன்னதை ஏற்கவில்லை: பாஸ்வேர்ட் பிழை, அல்லது பயனர் பெயரில் முழு முகவரிக்குப் பதிலாக முன்பாதியை மட்டும் அடித்திருக்கிறீர்கள், அல்லது வழக்கமான பாஸ்வேர்டுக்கு அங்கே இடமில்லை. 534 என்று வந்து அதோடு 5.7.9 என்றும் இருந்தால் ஆப் பாஸ்வேர்ட் கொண்டு வா என்று கூகுள் வெளிப்படையாகவே சொல்கிறது. 454 என்றால் அவர்கள் பக்கத்தில் தற்காலிகக் கோளாறு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மறுகா அனுப்பிப் பாருங்கள். 550 என்றால் நின்று முழுவதையும் வாசிக்கவேண்டும், அதற்குப் பல முகம் உண்டு.

550இன் ஒரு முகம், இணைய இணைப்புத் தரும் நிறுவனமே கொடுத்த பழைய முகவரிகளில் வரும். வீட்டு லைனில் இருந்தபோது, தன் வாடிக்கையாளர் என்று தெரிந்ததால் பாஸ்வேர்ட் கேட்காமல் கடிதத்தை வாங்கிக்கொண்ட சேர்வர், லைன் பழுதாகி நீங்கள் போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறியதும் யார் நீ என்று கேட்கும். நீங்கள் எதையும் தொடவில்லை, ஆனாலும் மெயில் நின்றுவிடும். அனுப்பும் பக்கத்தில் பெயர், பாஸ்வேர்ட் சோதனையைப் போட்டுவிட்டால் எங்கிருந்தும் போகும்.

இன்னொரு முகம் அரிசி ஆலை, நிறுவனம் என்று சொந்த டொமைன், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் சொந்தப் பெயர், வைத்திருப்பவர்களுக்கு. சம்மாந்துறைப் பக்க ஆலை ஒன்றின் கணக்கப்பிள்ளை வந்தார். பெரும்போக அறுவடை நேரம், விலைப்பட்டியல் கேட்டுக் கொழும்பிலிருந்து போனுக்கு மேல் போன். அவர்களுடைய மெயிலை நடத்தும் நிறுவனம் சேர்வரை மாற்றியிருக்கிறது. அறிவித்தல் ஆங்கிலத்தில், வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்கு வந்து அப்படியே கிடந்தது. அனுப்பும் சேர்வரின் பெயரையும் பயனர் பெயரையும் திருத்தியதும் கடிதம் வெளியே போனது. போன கடிதங்களில் ஜிமெயில்காரருக்குப் போனவை மட்டும் 550 5.7.26 என்று திரும்பி வந்தன. இது உங்கள் பாஸ்வேர்ட் பற்றியதே அல்ல. இந்த டொமைனின் பெயரில் கடிதம் அனுப்ப இந்தச் சேர்வருக்கு உரிமை உண்டு என்பதை டொமைனின் சொந்தக்காரர் பதிந்து வைக்கவேண்டும். எஸ்பிஎஃப், டிகிம் என்று இரண்டு பதிவுகள். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றில் கண்டிப்பாக இருக்கிறார்கள். புதிய சேர்வருக்கு அந்தப் பதிவை மாற்றாமல் விட்டது அந்த நிறுவனம். ஆலையில் இருந்த பிள்ளைகள் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. எங்கள் மாவட்டங்களில் மெயில் சேவை விற்கிறவர்கள் பணம் வாங்கும்போது தமிழில் நன்றாகத்தான் பேசுகிறார்கள். அனுப்பும் சேர்வரின் பெயர், போர்ட் இலக்கம், பாதுகாப்பு முறை, பயனர் பெயரை எப்படி அடிப்பது, சோதனை முறை எது: அரைத் தாள் போதும். அதைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? மாற்றம் வந்தால் மெயில் கணக்குக்கே மெயில் அனுப்பாமல் போனில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

இரண்டாவது யோசனை, கணக்கை நீக்கிப் புதிதாகப் போடுவது. பொப் முறையில் வாங்குகிறவர்களின் பழைய கடிதங்கள் பலவேளை அந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கும். தண்டர்பேர்டில் நீக்கும்போது செய்திகளையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு பெட்டி கேட்கும். அவசரத்தில் அதில் சரி போட்டுவிட்டால் பல வருடக் கடிதம் போய்விடும். திருத்தவேண்டியது ஒரு வரி. அதற்காக வீட்டையே இடிக்கத் தேவையில்லை.

மூன்றாவது, இரண்டாம் படிச் சோதனையை நிறுத்துவது. ஆப் பாஸ்வேர்டே அதில்தான் தங்கியிருக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன். ஆனால் ஏறாவூர் வாசகர் சொன்ன தொல்லை பொய்யில்லை. எங்கள் பக்கம் அம்மா அப்பாவின் மெயில் கணக்கை முதலில் திறந்து கொடுத்தது மகன். மகன் இப்போது கட்டாரில். சோதனை இலக்கம் அவனுடைய போனுக்குப் போகிறது. இங்கே காலை எட்டரை மணி என்றால் அங்கே விடிய ஆறு மணி, அவன் வேலைத்தளத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பான். அவன் இலக்கத்தைப் பார்த்து வட்ஸ்அப்பில் அனுப்புவதற்குள் அது காலாவதியாகிவிடும். இதற்குச் சோதனையை நிறுத்துவது மருந்து இல்லை. கணக்கில் அம்மாவின் போன் இலக்கத்தையும் சேருங்கள். 'பக்கப் கோட்ஸ்' என்று கூகுள் தரும் பத்து இலக்கங்களை அச்செடுத்து அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் இருக்கும் இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றும் எட்டு எண், ஒரு தடவைக்கு ஒன்று. மகன் அடுத்த லீவில் வரும்போது உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள், கால் மணி நேர வேலை.

மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் மெயில் நின்றால் கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் உள்ளிருக்கும் காசு அளவு பற்றரி செத்திருந்தால் திகதி பல வருடம் பின்னால் போய்விடும், சேர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று புரோகிராம் வாசலிலேயே நின்றுவிடும். பாஸ்வேர்ட் கேட்கும் கட்டமே வராது.

என் தொழில்காரர் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்கிறேன். வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை சீ.ஆர். கொப்பியில் எழுதி வைக்கும் கடைகள் உண்டு. உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். அந்தக் கொப்பி யாருடைய கையில் போகும் என்று யார் பொறுப்புச் சொல்வது? அனுமதியில்லாமல் அடுத்தவர் கணக்குக்குள் போவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். திருத்தக் கொடுப்பவர்கள் பாஸ்வேர்டைச் சொல்லவேண்டாம், நீங்களே அடியுங்கள். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். அதேபோல, மெயில் அனுப்பமுடியாமல் இருக்கும் நேரத்தில் பார்த்து, உங்கள் கணக்கை உறுதிப்படுத்த இங்கே அமத்துங்கள் என்று ஒரு கடிதம் பெட்டிக்குள் வந்தால் அது கள்ளக் கடிதம். திரும்பி வந்த கடிதம் பற்றிய உண்மையான அறிவித்தல் ஒருபோதும் பாஸ்வேர்ட் கேட்காது.

எல்லாம் சரிவந்த பிறகு, அவுட்லுக் பாவிப்பவர்கள் 'அவுட்பொக்ஸ்' என்ற இடத்தை ஒருதரம் திறந்து பாருங்கள். கோபத்தில் திரும்பத் திரும்ப அனுப்பென்று அமத்தியதெல்லாம் அங்கே வரிசையில் நிற்கும், வழி திறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும். பிரதேச செயலகத்துக்கு ஒரே விண்ணப்பம் கட்டுக்கட்டாகப் போய்ச் சேர்ந்த கதை எங்கள் ஊரில் உண்டு.

அந்தக் கடிதம் வந்த அதே பகுதியில் இதையும் போடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் 1982ஆம் ஆண்டுக் கதையையும் என் கோபத்தையும் வெட்டிக்கொள்ளுங்கள். இலக்கங்களை மட்டும் வெட்டாதீர்கள், அவற்றில் ஒன்று பிழைத்தாலும் ஆட்கள் மறுபடி என் கடைக்குத்தான் வருவார்கள்.

இப்படிக்கு,
கொமினிகேஷன் கடைக்காரி ஒருத்தி,
களுவாஞ்சிகுடி.